ஆடிட்டரோடு வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கும் தறி முதலாளிகளுக்கும் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. நான் ஆடிட்டர் இல்லை. முதலாளிக்கும் ஆடிட்டருக்கும் நடுவே பில் கட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆள். இரண்டு பக்கத்துத் திட்டும் என் காதில்தான் விழும். "ஆடிட்டர் கவுத்துட்டார்" என்று வருகிற புகாரைக் கொஞ்சம் கிளறினால், பெரும்பாலும் அதில் திருட்டோ துரோகமோ இருக்காது. துறை உங்களுக்கு எழுதிய ஏதோ ஒன்று உங்கள் கைக்கு வராமல் வேறு எங்கோ போயிருக்கும். சட்டம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ரிட்டர்னை யார் தட்டிப் போட்டிருந்தாலும் அது உங்கள் பான் எண்ணில் இருக்கிறது. வட்டியும் அபராதமும் உங்கள் தலையில்தான்.

அதனால் கீழே எந்த அறிகுறிக்கும் முதல் வேலை, ஆடிட்டருக்குப் போன் போடும் முன் போர்ட்டலில் நீங்களே பார்ப்பது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் தொல்லை எதுவோ அங்கே போங்கள். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் சோதித்துவிடுங்கள்.

பிரிவு எண்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். 1961 சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வருவதால் எண்கள் எல்லாம் மாறுகின்றன. ஆடிட்டர் ஆபீஸ்களில் இன்னும் சில வருடம் பழைய எண்களைத்தான் சொல்வார்கள்.

அறிகுறி: லாகின் செய்தால் ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வரவில்லை

இப்போதே செய்து பாருங்கள். வருமான வரிப் போர்ட்டலில் ஒரு முறை, ஜி.எஸ்.டி. போர்ட்டலில் ஒரு முறை. பாஸ்வேர்டே தெரியாது என்றால் அதுவும் இதே அறிகுறிதான்.

காரணம் எளிது. ரிஜிஸ்ட்ரேஷன் எடுத்த நாளில் ஆடிட்டர் ஆபீஸ் தம்பி அவசரத்துக்குத் தன் நம்பரையும் ஆபீஸ் மெயிலையும் போட்டிருப்பார். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. மாதாமாதம் உங்களைக் கூப்பிட்டு "சார், ஓ.டி.பி. வந்திருக்கும் பாருங்க" என்று கெஞ்சுவது அவருக்குப் பெரிய தொல்லை, நீங்களும் கல்யாண வீட்டில் இருந்துகொண்டு போனை எடுத்திருக்க மாட்டீர்கள். ஆனால் அந்தத் தம்பி வேலையை விட்டுப் போய், நம்பரையும் மாற்றிவிட்டால், துறை அனுப்பும் எல்லாமே காற்றில் போகும்.

வருமான வரிப் பக்கம் சரிசெய்வது சுலபம். பயனர் பெயர் உங்கள் பான் எண்தான். "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" வழியில் போனால், ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு ஓ.டி.பி. வாங்கிப் புது பாஸ்வேர்ட் வைக்கலாம். உள்ளே போனதும் புரொஃபைல் பகுதியில் முதன்மை மொபைலையும் முதன்மை மெயிலையும் உங்களுடையதாக மாற்றுங்கள். ஆடிட்டரின் மெயில் இரண்டாவது இடத்தில் இருக்கட்டும். இருவருக்கும் தகவல் போவது நல்லதுதான்.

ஜி.எஸ்.டி. பக்கம் இரண்டு நிலை. உள்ளே நுழைய முடிந்தால், பதிவுத் திருத்தத்தில் நான்-கோர் (அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படாத விவரங்கள்) பகுதிக்குப் போய், ஆத்தரைஸ்ட் சிக்னேட்டரியின், அதாவது கையெழுத்திட உரிமை பெற்றவரின், மொபைலையும் மெயிலையும் மாற்றலாம். நுழையவே முடியாமல், பழைய ஆளும் ஒத்துழைக்காவிட்டால், உங்கள் எல்லைக்குரிய அதிகாரியிடம் போக வேண்டும். உங்கள் பதிவு மாநில வணிகவரித் துறையின் கீழ் இருக்கிறதா, மத்திய ஜி.எஸ்.டி.யின் கீழ் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். போர்ட்டலின் முகப்பில் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டுத் தேடினால் லாகின் இல்லாமலே தெரியும். அடையாளச் சான்று, தொழிலுக்கான ஆவணங்கள், புது மொபைல், மெயில் ஆகியவற்றைக் குறிப்பிட்டு மனு கொடுத்தால், அதிகாரியே மாற்றிப் பாஸ்வேர்டை ரீசெட் செய்துவிட முடியும். இந்த வசதி இருப்பது தெரியாமல் பழைய ஆபீஸ் வாசலில் மாதக்கணக்கில் நின்றவர்கள் உண்டு.

"பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் ஆடிட்டர் எப்படி வேலை பார்ப்பார்?" என்பது அடுத்த கேள்வி. ஆடிட் ரிப்போர்ட்டுக்கு அவருக்கு உங்கள் பாஸ்வேர்டே தேவையில்லை. வருமான வரிப் போர்ட்டலில் உங்கள் லாகினிலிருந்து அவரை உங்கள் சி.ஏ.வாக (பட்டயக் கணக்காளராக) சேர்த்துப் படிவத்தை ஒதுக்கினால், அவர் தன் லாகினில் ஏற்றுவார். நீங்கள் பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் அது தாக்கலாகும். ஜி.எஸ்.டி.யிலும் பிராக்டிஷனரை (ரிட்டர்ன் வேலைக்குத் துறையில் பதிவு செய்தவரை) சேர்க்கவும் நீக்கவும் தனி வசதி இருக்கிறது. நடைமுறையில் எல்லோரும் பாஸ்வேர்டைக் கொடுத்துத்தான் வைக்கிறார்கள், அது எனக்கும் தெரியும். கொடுத்தால் கொடுங்கள், மொபைலும் மெயிலும் உங்களுடையதாக இருந்தால் பெரிய ஆபத்தில்லை.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேறு விஷயம். பென் டிரைவ் மாதிரி இருக்கும் அதை ஆடிட்டரின் மேஜை இழுப்பறையில் விட்டுவைப்பது, கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கைக் கொடுத்து வைப்பதற்குச் சமம். கம்பெனி டைரக்டராக இருக்கிறவர்கள் இன்றைக்கே வாங்கி வந்துவிடுங்கள். தேவைப்படும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்து, வேலை முடிந்ததும் எடுத்து வரலாம்.

அறிகுறி: "ஃபைல் பண்ணியாச்சு சார், வந்துரும்" என்கிறார், ரீஃபண்ட் வரவில்லை

வருமான வரிப் போர்ட்டலில், தாக்கலான ரிட்டர்ன்களைக் காட்டும் பக்கத்துக்குப் போங்கள். அங்கே இருக்கிற நிலையை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம்.

ரிட்டர்னே இல்லை என்றால் ஃபைல் செய்யவில்லை. டிராஃப்டாகச் சேமித்ததை ஃபைல் ஆனதாக நினைத்துவிடுவது ஜூலைக் கடைசி வார நெரிசலில் நடக்கிற விபத்து. சம்பளக்காரர்களுக்குப் பொதுவான கடைசி நாள் ஜூலை 31. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. பழைய வரி முறையில் தாக்கல் செய்யும் வாய்ப்பும் போய்விடும். சில சமயம் கட்டணத்தைவிட அந்த இழப்புதான் பெரியது.

ரிட்டர்ன் இருக்கிறது, ஆனால் வெரிஃபை ஆகவில்லை என்று காட்டுகிறதா? இதுதான் நான் அதிகம் பார்க்கிற கோளாறு. தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. அல்லது நெட் பேங்கிங் மூலம் உறுதி செய்ய வேண்டும். இல்லையென்றால் கையெழுத்திட்ட படிவத்தைப் பெங்களூரு மையத்துக்கு அனுப்ப வேண்டும். முன்பு 120 நாள் இருந்தது, 2022 ஆகஸ்ட் முதல் 30 ஆகிவிட்டது. உறுதி செய்யாத ரிட்டர்ன் தாக்கலாகவே கருதப்படாது. ஆடிட்டர் தன் வேலையை முடித்திருப்பார், நீங்கள் ஓ.டி.பி. சொல்லியிருக்க மாட்டீர்கள். யாரைக் குற்றம் சொல்வது?

"டிஃபெக்டிவ்" என்று வந்திருந்தால் குறை சரிசெய்ய 15 நாள் தருவார்கள். இதற்கு ஆடிட்டரை அன்றைக்கே பிடிக்க வேண்டும்.

பிராசஸ் ஆகிவிட்டது, பணம் மட்டும் வரவில்லை என்றால் இரண்டைப் பாருங்கள். உங்கள் பேங்க் அக்கவுண்ட் போர்ட்டலில் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா. இரண்டு பேங்குகள் ஒன்றானதில் ஐ.எஃப்.எஸ்.சி. மாறிய பழைய கணக்குகள் இங்கே சிக்கும். அடுத்து, பழைய வருடத்தின் நிலுவை எதற்காவது ரீஃபண்டை ஈடுகட்டிவிட்டார்களா. அப்படியென்றால் அதற்கு முன்பே உங்களிடம் சம்மதம் கேட்டு ஒரு மெயில் வந்திருக்கும். யாருடைய மெயிலுக்கு என்பதுதான் கேள்வி.

அறிகுறி: திடீரென்று பேங்க் அக்கவுண்ட் முடங்கியது, ஜி.எஸ்.டி. ஆர்டராம்

பயம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இதில் நாள் கணக்கு முக்கியம்.

போர்ட்டலில் நோட்டீஸ்கள் ஒரே இடத்தில் இல்லை. சர்வீசஸ் மெனுவில் யூசர் சர்வீசஸுக்குள் "நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்" என்று ஒன்று, "அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்" என்று இன்னொன்று. வரிக் கோரிக்கைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் வந்து விழுந்து கிடக்கும். மாதாமாதம் 3பி (வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்) போடுகிற பையன் ரிட்டர்ன் பக்கத்தைத் தவிர வேறெங்கும் போக மாட்டான். இந்த ஒரு காரணத்தால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் மதுரைக் கிளைக்கும் போன வழக்குகள் ஏராளம்: நோட்டீஸ் போர்ட்டலில் மட்டும் ஏற்றப்பட்டது, எனக்குத் தெரியாது, கன்சல்டன்ட் சொல்லவில்லை. பல வழக்குகளில் நீதிமன்றம் சர்ச்சைக்குரிய வரியில் 10 சதவீதமோ 25 சதவீதமோ கட்டச் சொல்லி, ஆர்டரை ரத்து செய்து மறுபடி விசாரிக்க அனுப்பியிருக்கிறது. நிவாரணம்தான். ஆனால் வக்கீல் ஃபீஸும் கட்டிய பணமும் சேர்ந்து, ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் மிச்சமாகியிருக்கும்.

இப்போது என்ன செய்வது? படிவத்தின் பெயரைப் பாருங்கள்.

ஏ.எஸ்.எம்.டி.-10 என்றால் ரிட்டர்னைச் சரிபார்த்ததில் வித்தியாசம் இருக்கிறது, விளக்கம் சொல் என்கிறார்கள். இது ஆரம்ப நிலை; ஒழுங்கான பதிலும் பட்டியலும் கொடுத்தால் இங்கேயே முடியும். டி.ஆர்.சி.-01 என்றால் காரணம் கேட்கும் நோட்டீஸ். இதற்கு எழுதும் பதில்தான் மொத்த வழக்கின் அஸ்திவாரம், அதை ஆபீஸ் தம்பியிடம் விடாமல் ஆடிட்டரே உட்கார்ந்து எழுத வேண்டும் என்று கேளுங்கள். நேரில் விசாரணை வேண்டும் என்ற கட்டத்தில் "ஆம்" என்று போடச் சொல்லுங்கள். டி.ஆர்.சி.-07 என்றால் ஆர்டர் வந்துவிட்டது. அப்பீலுக்கு மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம். சர்ச்சைக்குரிய வரியில் 10 சதவீதம் முன்கூட்டிக் கட்டினால் அப்பீல் ஏற்கப்படும், மீதித் தொகைக்கான வசூல் நிற்கும். டி.ஆர்.சி.-13 என்றால் துறை உங்கள் பேங்குக்கே எழுதியாகிவிட்டது. அந்தக் கடிதத்தின் நகலை பேங்கிலிருந்து வாங்கி, அதில் இருக்கும் ஆர்டர் எண்ணை வைத்துப் பின்னோக்கித் தேடுங்கள். அந்த நான்கு மாதமும் கடந்திருந்தால் வரி வழக்குப் பார்க்கிற வக்கீலிடம்தான் போக வேண்டும்.

இன்னொரு சின்ன ஆனால் வேகமான நோட்டீஸ் உண்டு. விற்பனை பில்களைப் பட்டியலிடும் ஜி.எஸ்.டி.ஆர்.-1-இல் காட்டிய வரிக்கும் 3பி-யில் கட்டிய வரிக்கும் வித்தியாசம் அதிகமானால் டி.ஆர்.சி.-01பி தானாக வரும். ஏழு நாள்தான். பதில் போடாவிட்டால் அடுத்த ஜி.எஸ்.டி.ஆர்.-1 போட முடியாது, உங்கள் பில் வாங்கியவர்களுக்கு, கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வரவு போகாது, அவர்கள் உங்களைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள்.

மாதம் ஒரு முறை, மூன்றாம் சனிக்கிழமையோ அமாவாசைக்கு மறுநாளோ, நினைவில் நிற்கிற ஏதோ ஒரு நாளில் அந்த இரண்டு பக்கத்தையும், வருமான வரிப் போர்ட்டலில் நோட்டீஸ்கள் வந்து சேரும் இ-புரொசீடிங்ஸ் பக்கத்தையும் திறந்து பாருங்கள். என் முதலாளிகளில் ஒருவர் மகளிடம் அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார். பிளஸ் டூ படிக்கிற பெண். அந்தப் பெண் பார்த்துச் சொல்லித்தான் ஒரு ஏ.எஸ்.எம்.டி.-10 நேரத்தில் கண்ணில் பட்டது.

அறிகுறி: இ-வே பில் வரமாட்டேன் என்கிறது, லோடு நிற்கிறது

சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின் சீட்டு இது. தொடர்ந்து இரண்டு காலத்துக்கு 3பி போடவில்லை. வேறு காரணம் அநேகமாக இல்லை. போட்டதும் தடை விலகும். ஆடிட்டர் "போட்டுட்டோம்" என்றால் ஏ.ஆர்.என். எண் (தாக்கலானதும் போர்ட்டல் தரும் ஒப்புகை எண்) கேளுங்கள். சப்மிட் ஆகி வரி செட்-ஆஃப் ஆகாமல் பாதியில் நிற்பதும் நடக்கும்.

அறிகுறி: வரிப் பணம் கொடுத்தாயிற்று, கட்டிய தடயம் இல்லை

ஆடிட்டருக்கோ அவர் அசிஸ்டென்டுக்கோ ஜீபேயில் அனுப்பினீர்கள். வருமான வரி என்றால் இ-பே டாக்ஸ் பகுதியின் கட்டண வரலாற்றில் சலான் இருக்க வேண்டும். சில நாளில், உங்கள் பெயரில் சேர்ந்த வரியைக் காட்டும் 26ஏ.எஸ்.ஸிலும் தெரியும். ஜி.எஸ்.டி. என்றால் எலக்ட்ரானிக் கேஷ் லெட்ஜரில் வரவு இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப். சலானை ஆதாரமாக எடுக்காதீர்கள். கட்டாத சலானையும் பி.டி.எஃப். ஆக்கலாம்: ஜி.எஸ்.டி. சலானில் 14 இலக்க சி.பி.ஐ.என். மட்டும் இருந்தால் அது சலான் உருவானதற்கான எண்தான், பணம் போனதற்கானது இல்லை. பணம் சேர்ந்தால்தான் 17 இலக்க சி.ஐ.என். வரும்.

இரண்டு இடத்திலும் இல்லையென்றால் பேச்சு வேறு. பணம் போன அக்கவுண்ட், தேதி, தொகை எல்லாவற்றையும் குறித்து எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பாக இருந்தாலும் பரவாயில்லை. வரியை இன்றைக்கே மறுபடி கட்டிவிடுங்கள். ஜி.எஸ்.டி.க்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கும்; ஆளோடு உள்ள வழக்கு தனியாக நடக்கட்டும்.

இனிமேல் ஒரே விதி: வரியை உங்கள் பேங்க் அக்கவுண்டிலிருந்து நீங்களே கட்டுங்கள், ஆடிட்டருக்கு அவர் ஃபீஸை மட்டும் கொடுங்கள். இரண்டையும் சேர்த்து ரவுண்டாக ஒரு தொகை கேட்கிற ஆபீஸ் எனக்குப் பிடிப்பதில்லை.

அறிகுறி: எதிர்பார்த்ததைவிட ரீஃபண்ட் அதிகமாக வந்திருக்கிறது

இதைக் கோளாறாக யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் ஆபத்தானது இதுதான்.

பக்கத்து சீட்டுக்காரர் சொன்னாராம், ஒரு ஆள் ரீஃபண்டில் இத்தனை சதவீதம் எடுத்துக்கொண்டு போட்டுக் கொடுக்கிறாராம். உங்கள் ரிட்டர்னைத் திறந்து கழிவுகளைப் படியுங்கள். நீங்கள் கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடை, இல்லாத வீட்டு வாடகை, கட்டாத மருத்துவக் காப்பீடு, எடுக்காத கல்விக் கடன் ஏதாவது இருக்கிறதா? 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது, இப்படிப் போலிக் கழிவுகள் போட்டுக் கொடுத்த இடைத்தரகர்களைத் தேடித்தான். தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆள் மாட்டினால் அவருடைய வாடிக்கையாளர் பட்டியலும் மாட்டும். தவறான தகவல் கொடுத்து வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு அபராதம் மறைத்த வரியில் 200 சதவீதம். "எனக்குத் தெரியாது, அவர்தான் போட்டார்" என்றால் ரீஃபண்ட் விழுந்தது யார் அக்கவுண்டில் என்று கேட்பார்கள்.

திருத்த ரிட்டர்னுக்கு நாள் இருந்தால் அதைப் போடுங்கள். தாண்டிவிட்டால் ஐ.டி.ஆர்.-யூ எனும் புதுப்பித்த ரிட்டர்ன் இருக்கிறது. 2025 நிதிச் சட்டம் இதன் காலத்தை 48 மாதமாக நீட்டியது. தாமதத்துக்கு ஏற்ப, வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் 25, 50, 60, 70 சதவீதம் என்று கூடுதல் வரி ஏறும். எனவே இந்த வருடமே போடுவது மலிவு. வரியைக் குறைக்கவோ ரீஃபண்டைக் கூட்டவோ இந்த வழி கிடையாது, கூடுதலாகக் கட்ட மட்டும்தான்.

ஆளைப் பற்றி ஒன்று. சி.ஏ. ஒருவர் ரீஃபண்டில் சதவீதம் பேசி ஃபீஸ் வாங்குவதை அவர்களுடைய தொழில் ஒழுக்க விதியே தடுக்கிறது. சதவீதம் பேசினால் எழுந்து வந்துவிடலாம்.

அறிகுறி: பேலன்ஸ் ஷீட்டை பேங்க் திருப்பி அனுப்புகிறது

"யூடின் இல்லை" என்பார்கள். சி.ஏ. கையெழுத்திடும் சான்றிதழ், ஆடிட் ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் 2019-லிருந்து கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்ட 18 இடங்கள் கொண்ட அடையாள எண் அது. அதில் அவருடைய உறுப்பினர் எண்ணும் அடங்கியிருக்கும். பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் யூடின் தளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுச் சரிபார்க்கலாம், பேங்க் மேனேஜர் அதைத்தான் செய்கிறார்.

எண் இல்லையென்றால் உங்கள் "ஆடிட்டர்" சி.ஏ.வாக இல்லாமல் இருக்கலாம். அது குற்றமில்லை. ஜி.எஸ்.டி. பிராக்டிஷனரும் வரி வக்கீலும் ரிட்டர்ன் வேலையைச் சட்டப்படியே செய்யலாம். மளிகைக் கடைக்கும் பவர்லூம் ஜாப் ஒர்க்குக்கும் நல்ல பிராக்டிஷனர் போதும், பல சமயம் அவரைத்தான் நேரில் பார்க்க முடியும். ஆனால் டாக்ஸ் ஆடிட்டில் கையெழுத்திட பிராக்டிஸில் இருக்கும் சி.ஏ.வுக்கு மட்டுமே உரிமை. வியாபாரத்தில் டர்ன்ஓவர் 1 கோடியைத் தாண்டினால் ஆடிட் வேண்டும். வரவிலும் செலவிலும் ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 10 கோடி வரை வேண்டாம். பிராக்டிஷனரிடம் இருப்பவர்கள் இந்த எல்லை நெருங்கும்போதே ஒரு சி.ஏ.வைப் பார்த்து வைப்பது நல்லது. செப்டம்பரில் போனால் அவர் கணக்கைப் படிக்க மாட்டார், கையெழுத்து மட்டும்தான் கிடைக்கும்.

எண் இருந்தும் திருப்பினால், ரிட்டர்னில் இருக்கும் விற்பனையும் ஜி.எஸ்.டி. விற்பனையும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். கடனுக்காக லாபத்தைக் கூட்டிப் போடச் சொன்னது நீங்கள்தானா என்பதையும் யோசித்துவிட்டுப் போங்கள்.

அறிகுறி: கொள்முதல் வரவு குறைகிறது, மாதாமாதம் கையிலிருந்து வரி போகிறது

இங்கே நான் ஆடிட்டர் பக்கம். சப்ளையர் 11-ஆம் தேதிக்குள் தன் ஜி.எஸ்.டி.ஆர்.-1-ஐப் போட்டால்தான் 14-ஆம் தேதி உருவாகும் உங்கள் 2பி-யில் (சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலில்) அந்த பில் வரும். காலாண்டு முறைக்காரர்களுக்கு 13. மாதக்காரருக்கு 3பி கடைசி நாள் 20. நீங்கள் பில் கட்டை 19-ஆம் தேதி மாலை அனுப்பினால் யார் எதை ஒத்துப் பார்ப்பது? அவர் 2பி-யில் இருப்பதை அப்படியே எடுத்துவிட்டு மூடிவிடுவார். வராத பில்லைத் துரத்த வேண்டியது நீங்கள்தான், சப்ளையரின் போன் நம்பர் ஆடிட்டரிடம் இல்லை.

பில்களை 7-ஆம் தேதிக்குள் கொடுங்கள். 15-ஆம் தேதி "2பி-யில் வராத பில் பட்டியல்" என்று ஒரே ஒரு தாளைக் கேளுங்கள். சப்ளையருக்குப் பணம் கொடுக்கும் முன் அந்தத் தாளைப் பார்த்தால் போதும், துரத்துவது தானாக நடக்கும். ஒரு நிதியாண்டின் விடுபட்ட வரவை அடுத்த நவம்பர் 30-க்குள் எடுக்காவிட்டால் அது போனதுதான். அதேபோல் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். ஜவுளியில் கடன் நாள் நீளும் என்பதால் இங்கே பலர் மாட்டுகிறார்கள்.

அறிகுறி: கடைசி வாரத்தில் பெரிய தொகையாக வரி சொல்கிறார்

வருடம் முழுக்க யாரும் கணக்குப் பார்க்கவில்லை. வருட வரி 10,000 ரூபாய்க்கு மேல் வரும் என்றால் முன்கூட்டியே கட்ட வேண்டும்: ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுதும். உத்தேச லாப முறையில் இருக்கும் சின்ன வியாபாரிக்கு மார்ச் 15 மட்டும் போதும். தவறினால் மாதம் 1 சதவீதக் கணக்கில் வட்டி. டிசம்பர் முதல் வாரத்தில் ஆடிட்டரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அந்த மாதம் அவர் கொஞ்சம் மூச்சு விடுவார், உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார். நிலம் விற்றீர்களா, பங்கு விற்றீர்களா, மகன் பெயரில் டெபாசிட் போட்டீர்களா, எல்லாவற்றையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்கள் பணப் பரிவர்த்தனைகளைத் துறை திரட்டி வைக்கும் ஏ.ஐ.எஸ். பக்கத்தில் துறைக்கு அது ஏற்கனவே தெரியும். ஆடிட்டருக்கு மட்டும்தான் தெரியாது.

அறிகுறி: போனை எடுப்பதே இல்லை

ஜூலைக் கடைசி, செப்டம்பர், அக்டோபர் என்றால் விட்டுவிடுங்கள், அது பருவம். நவம்பரிலும் எடுக்கவில்லை என்றால் உங்கள் பக்கம் ஃபீஸ் பாக்கி இருக்கிறதா பாருங்கள். சிரிக்க வேண்டாம், பாதி மௌனத்துக்குக் காரணம் அதுதான், ஆனால் அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். பாக்கியும் இல்லையென்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மாற்றுவதற்கு நல்ல மாதம் ஜனவரி அல்லது பிப்ரவரி. போன வருட ரிட்டர்னும் டிசம்பர் 31-இல் முடியும் ஜி.எஸ்.டி. வருடாந்திர ரிட்டர்னும் பழையவர் கையால் முடிந்திருக்கும். புதியவருக்கு மார்ச் 15 வரி கணக்கிட நேரம் இருக்கும். நடுவில் ஓடும் நோட்டீஸ் இருந்தால் அதற்குப் பதில் எழுதியவரிடமே அது முடிகிறவரை இருக்கட்டும்.

பாக்கியைத் தீர்த்துவிட்டு, மரியாதையாகப் போய் வாங்க வேண்டியவை: டேலி பேக்கப், தேய்மானப் பட்டியல், முந்தைய நஷ்டம் ஏதும் இருந்தால் அதன் விவரம், வருடவாரியாக ரிட்டர்னும் கம்ப்யூட்டேஷனும் (வரி கணக்கிட்ட தாளும்), யூடினோடு ஆடிட் ரிப்போர்ட்டுகள், டி.டி.எஸ். போர்ட்டல் லாகின், நோட்டீஸ்களுக்கு எழுதிய பதில்கள், டிஜிட்டல் டோக்கன். கூட்டு நிறுவனம் என்றால் ஒரிஜினல் பார்ட்னர்ஷிப் டீடு. ரிஜிஸ்ட்ரேஷன் நாளில் கொடுத்தது அங்கேயே ஃபைலில் தூங்கும். ஜி.எஸ்.டி. ஆவணங்களை வருடாந்திர ரிட்டர்ன் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டியது உங்கள் கடமை, அவருடையது இல்லை. ஆடிட் என்றால் புது சி.ஏ. பழையவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர்கள் விதி. அதை நீங்கள் தடுக்காதீர்கள்.

புதியவரைத் தேடும்போது நான் கேட்கச் சொல்வது இவைதான். என் தொழிலில் உங்களுக்கு வேறு வாடிக்கையாளர் உண்டா? என் ஃபைலை உங்கள் ஆபீஸில் தினப்படி யார் பார்ப்பார்? நோட்டீஸ் வந்தால் அதற்குத் தனி ஃபீஸா? இந்த வருடம் எத்தனை டாக்ஸ் ஆடிட் எடுத்திருக்கிறீர்கள்? ஒரு சி.ஏ.வுக்கு ஆண்டுக்கு 60 என்று உச்சவரம்பு இருக்கிறது, வரம்பை ஒட்டி நிற்பவரிடம் உங்களுக்கு நேரம் கிடைக்காது. ஃபீஸில் எந்த வேலை அடங்கும், எது அடங்காது என்பதை ஒரு மெயிலில் எழுதி வாங்குங்கள். ஃபார்ம் 16 மட்டுமே உள்ள சம்பளக்காரருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. முன்நிரப்பிய ரிட்டர்னைத் தானே போட்டுக்கொள்ளலாம். வீடு விற்றது, பங்கு வியாபாரம், வெளிநாட்டு வருமானம் என்று ஏதாவது சேர்ந்த வருடம் மட்டும் சி.ஏ.விடம் போனால் போதும்.

பேச்சுக்கு அடங்காத முறைகேடு என்றால், சி.ஏ. மீது பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் ஒழுங்கு இயக்குநரகத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கென்று படிவம் இருக்கிறது, கட்டணம் 2,500 ரூபாய். நிறுவனத்தின் தென் மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் மகாத்மா காந்தி சாலையில், வருமான வரித் துறையின் ஆயகர் பவனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் புகாரால் அவருக்குத்தான் தண்டனை கிடைக்கும், உங்களுக்குப் பணம் வராது. அதற்குத் தனி வழக்குதான். ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர் என்றால் இந்த வழி பொருந்தாது. அவரைப் பதிவு செய்த அதிகாரியிடம் எழுதினால், விசாரித்துத் தகுதி நீக்கம் செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு.